ஈயம் எவ்வளவு ஏறியிருக்கிறது? – தொழில் நலம்: வாசகர் கேள்வி பதில்

சென்ற இதழில், பழைய பேட்டரிகளை உடைத்து ஈயம் உருக்கும் பட்டறைகளில் வேலை செய்பவர்களின் உடல்நலம் பற்றி எழுதியிருந்தேன். அதன்பின் வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே விஷயத்தைக் கேட்டன: இரத்தம் எடுத்தார்கள், சிறுநீர் கேட்டார்கள், ஓர் எண் எழுதிய சீட்டைக் கையில் கொடுத்தார்கள், அந்த எண்ணுக்கு என்ன பொருள்? ஆகவே இம்முறை பக்கம் முழுவதையும் அதற்கே ஒதுக்குகிறேன். ஒரு சிறு விளக்கம் மட்டும் முதலில். இங்கே ஈயம் என்று நான் எழுதுவது காரீயம். ரசம் வைக்கும் ஈயச் சொம்பு வெள்ளீயத்தால் ஆனது. அது வேறு உலோகம், அதைப் பற்றி இங்கே பேசவில்லை.

கேள்வி: என் கணவர் பதினோரு ஆண்டுகளாகப் பழைய பேட்டரி உடைக்கும் இடத்தில் வேலை செய்கிறார். அண்மையில் முகாம் வைத்து இரத்தம் எடுத்தார்கள். சீட்டில் ‘ஈயம் 46’ என்றும் பக்கத்திலேயே ‘இயல்பு’ என்றும் எழுதியிருக்கிறது. ஐம்பதுக்குக் கீழே இருந்தால் பயமில்லை என்று மேற்பார்வையாளர் சொல்கிறார். ஆனால் மாலையானால் அவருக்கு வயிற்றைப் பிசைகிறது. முன்பெல்லாம் இல்லாத அளவுக்குக் கோபம் வருகிறது. அந்தச் சீட்டை நம்பலாமா, டாக்டர்?
– வாசகி, திருவள்ளூர் மாவட்டம்

பதில்: எண்ணை நம்புங்கள், சகோதரி, அதன் பக்கத்தில் எழுதியிருக்கும் ‘இயல்பு’ என்ற சொல்லை நம்ப வேண்டாம். 46 என்பது, பெரும்பாலும், ஒரு டெசிலிட்டர் (100 மில்லிலிட்டர்) இரத்தத்தில் 46 மைக்ரோகிராம் ஈயம் இருக்கிறது என்பதைக் குறிக்கும். சில ஆய்வகங்கள் லிட்டர் கணக்கில் 460 என்று எழுதும்; இரண்டும் ஒன்றுதான். சீட்டில் அலகு இல்லையென்றால் முதல் வேலையாக ஆய்வகத்தில் கேட்டு அதை எழுதி வாங்குங்கள். லிட்டருக்கு 46 என்றால் அது டெசிலிட்டருக்கு 4.6தான், அப்போது நான் கீழே சொல்வதில் பெரும்பகுதி உங்களுக்குப் பொருந்தாது. உங்கள் கணவரின் தொழிலையும் வயிற்று வலியையும் பார்த்தால் அது டெசிலிட்டர் கணக்காகவே இருக்கும் என்று கருதி எழுதுகிறேன்.

மேற்பார்வையாளர் சொல்லும் ஐம்பதுக்கு ஒரு வரலாறு உண்டு. அமெரிக்காவில் 1978இல் வந்த ஈய விதி, ஒரு தொழிலாளியின் இரத்தத்தில் ஈயம் 60ஐத் தொட்டாலோ, அடுத்தடுத்த சோதனைகளின் சராசரி 50ஐ எட்டினாலோ அவரை ஈயம் படும் வேலையிலிருந்து விலக்கி வைக்க வேண்டும் என்றும், 40க்குக் கீழே இறங்கிய பிறகே திரும்பச் சேர்க்கலாம் என்றும் சொன்னது. ஆக, ஐம்பது என்பது ‘இதற்கு மேல் ஒரு நாள்கூட ஈய வேலையில் வைத்திருக்காதே’ என்பதற்காகப் போட்ட கோடு. அது என்றைக்கும் ஆரோக்கியத்தின் அளவாக இருந்ததில்லை. அந்தக் கோடும் இன்று பழையதாகிவிட்டது. கலிஃபோர்னியா மாநிலம் 2025 ஜனவரி முதல் 30ஐத் தொட்டாலே விலக்க வேண்டும் என்று மாற்றிவிட்டது. ஐரோப்பிய ஒன்றியம் நெடுங்காலம் 70 வரை அனுமதித்துவிட்டு, 2024இல் அதை 15ஆகக் குறைத்தது; 2028 முடியும்வரை இடைக்கால அளவாக 30 என்று வைத்திருக்கிறது. உலகச் சுகாதார நிறுவனம் 2021இல் வெளியிட்ட வழிகாட்டியில், யாராக இருந்தாலும் 5ஐத் தொட்டவுடன் ஈயம் எங்கிருந்து வருகிறது என்று தேடி அதை நிறுத்த வேண்டும் என்கிறது. நம் உடலில் இரும்புக்கு வேலை உண்டு, துத்தநாகத்துக்கு வேலை உண்டு; ஈயத்துக்கு ஒரு வேலையும் கிடையாது. உடலுக்குள் அது இருக்க வேண்டிய அளவு சுழிதான்.

பதினோரு ஆண்டு என்று எழுதியிருக்கிறீர்கள்; அதுவும் முக்கியம். இரத்தத்தில் உள்ள ஈயம் ஏறத்தாழ ஒரு மாதத்துக்கு ஒருமுறை பாதியாகக் குறையும். அதனால் இந்த 46, பெரும்பாலும் கடந்த இரண்டு மூன்று மாதங்களின் கணக்கு. அதற்கு முந்தைய ஆண்டுகளின் ஈயம் எங்கே போயிற்று என்றால், எலும்புக்குப் போயிற்று. பெரியவர்களின் உடலில் தங்கும் ஈயத்தில் நூற்றுக்குத் தொண்ணூறு பங்குக்கு மேல் எலும்பில்தான் இருக்கும். அங்கே அது பாதியாவதற்குப் பத்து முதல் முப்பது ஆண்டுகள் வரை ஆகும். வேலையை விட்டு நின்ற பிறகும் எலும்பு அதைக் கொஞ்சம் கொஞ்சமாக இரத்தத்துக்கு விட்டுக்கொண்டே இருப்பதால், நீண்ட நாள் வேலை செய்தவருக்கு எண் முதலில் வேகமாக இறங்கி, பிறகு ஓரிடத்தில் அசையாமல் நிற்கும். அதைக் கண்டு மனம் தளர வேண்டாம்.

இப்போது செய்ய வேண்டியவை. முகாமில் விரல் நுனியைக் குத்தி இரத்தம் எடுத்திருந்தால், குளித்துச் சுத்தமான உடையில் போய், கை நரம்பிலிருந்து இரத்தம் எடுத்து மறுசோதனை செய்யுங்கள். கூடவே ஹீமோகுளோபின், இரத்த அழுத்தம், சிறுநீரகச் செயல்பாடு ஆகியவற்றையும் பார்க்கச் சொல்லுங்கள். கடுமையான அறிகுறிகள் இல்லாத பெரியவருக்கு இந்த அளவில் முதல் மருந்து, ஈயம் படும் இடத்திலிருந்து விலகியிருப்பதுதான். ஈயத்தைப் பிடித்து வெளியேற்றும் மருந்து தேவையா என்பதை நேரில் பார்க்கும் மருத்துவரே முடிவு செய்ய வேண்டும். அந்த மருந்தைச் சாப்பிட்டுக்கொண்டே பழைய வேலையைத் தொடர்வது மட்டும் கூடவே கூடாது. வெறும் வயிற்றோடு வேலைக்கு அனுப்பாதீர்கள். வயிறு காலியாக இருக்கும்போது குடல் ஈயத்தைப் பல மடங்கு அதிகமாக உறிஞ்சும். இரும்புச் சத்தும் சுண்ணாம்புச் சத்தும் குறைந்தாலும் அப்படியே. அவர் பற்பம், செந்தூரம் போன்றவற்றை யாரிடமாவது வாங்கிச் சாப்பிடுகிறாரா என்பதையும் மருத்துவரிடம் மறைக்காமல் சொல்லுங்கள். முறையாகச் செய்யாத உலோக மருந்துகளால் ஈயம் ஏறிய நிகழ்வுகள் மருத்துவ ஏடுகளில் பதிவாகியிருக்கின்றன.

குழந்தைகள் இருக்கிறார்களா என்று நீங்கள் எழுதவில்லை. இருந்தால், அவர்களுக்கும் இரத்தச் சோதனை செய்யுங்கள் என்று வற்புறுத்திச் சொல்கிறேன். அப்பாவின் சட்டையிலும் செருப்பிலும் தலைமுடியிலும் ஒட்டிக்கொண்டு வீட்டுக்கு வரும் தூசி, தரையில் தவழும் பிள்ளையின் கைக்குப் போய் அங்கிருந்து வாய்க்குப் போகிறது. வேலை உடையை வேலை செய்யும் இடத்திலேயே கழற்றிவிட்டு, அங்கேயே குளித்துவிட்டு வர வழியிருக்க வேண்டும். இல்லையென்றால் வாசலிலேயே மாற்றச் சொல்லுங்கள். அந்த உடையைத் தனியாகத் துவையுங்கள்.

கேள்வி: நான் ஒரு தொழிற்சாலையில் பாதுகாப்பு மேற்பார்வையாளர். காற்றில் உள்ள உலோகத் தூசியை ஆண்டுக்கு இருமுறை அளக்கிறோம். அளவு வரம்புக்குள் இருக்கிறது. எல்லோருக்கும் முகக்கவசமும் கொடுத்திருக்கிறோம். அப்படியிருக்க, தொழிலாளர்களின் இரத்தத்தையும் சிறுநீரையும் சோதிப்பது எதற்கு?
– வாசகர், ஓசூர்

பதில்: காற்றை அளக்கும் சிறு பம்பைத் தொழிலாளியின் காலர் பக்கத்தில் மாட்டுகிறோம். அது மூக்கருகே மிதப்பதைச் சொல்லும். முகக்கவசத்தின் ஓரத்தில் எவ்வளவு கசிகிறது, மூட்டை தூக்குபவர் மூச்சு வாங்கும்போது மற்றவரைவிட எவ்வளவு கூடுதலாக இழுக்கிறார், சாப்பாட்டோடு எவ்வளவு உள்ளே போகிறது என்பதெல்லாம் அதற்குத் தெரியாது.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு பட்டறையில், காற்றின் அளவு நன்றாக இருந்தும் சிலருடைய இரத்தத்தில் மட்டும் ஈயம் ஏறிக்கொண்டே போவதற்குக் காரணம் தேடிப் போயிருந்தேன். இயந்திரங்களை எல்லாம் பார்த்துவிட்டேன், ஒன்றும் பிடிபடவில்லை. தேநீர் நேரத்தில் ஒரு பெரியவர் கையுறையைக் கழற்றினார், விரல்களை லுங்கியில் ஒருமுறை துடைத்துக்கொண்டார், வெள்ளைக் காகிதக் கோப்பையை விளிம்போடு பிடித்துத் தேநீர் குடித்தார். அவர் கீழே வைத்த கோப்பையைக் கையில் எடுத்துப் பார்த்தேன். உதடு பட்ட இடத்துக்கு அரை விரல் தள்ளி, சாம்பல் நிறத்தில் ஒரு கட்டைவிரல் ரேகை, கோடு கோடாக எண்ணிவிடலாம் போலப் பதிந்திருந்தது. அதே விரல்களால் அடுத்ததாக ஒரு பீடியை எடுத்துப் பற்ற வைத்தார். அந்த ஆலையில் கை கழுவத் தண்ணீர் இருந்தது, சோப்பு இல்லை. காற்றை எத்தனை முறை அளந்திருந்தாலும் அந்த ரேகை எந்த அறிக்கையிலும் வந்திருக்காது. அவருடைய இரத்தத்தில் வந்திருந்தது.

மூக்கு, வாய், தோல் என்று எந்த வழியாக நுழைந்தாலும் அத்தனையையும் கூட்டிய மொத்தத்தை உடல் காட்டிவிடும். அதற்காகத்தான் இரத்தமும் சிறுநீரும். ஆனால் இரண்டு எச்சரிக்கைகளைச் சொல்லியாக வேண்டும். ஒன்று, எல்லா உலோகங்களுக்கும் இது கைகொடுக்காது. வெல்டிங் புகையில் வரும் மாங்கனீசை உடல் தன் தேவைக்கேற்ப ஒழுங்குபடுத்திக்கொள்வதால், ஒரு வெல்டர் எவ்வளவு புகையை உள்ளிழுத்தார் என்பதை அவருடைய இரத்த அளவு சரியாகக் காட்டாது. அங்கே காற்றை அளப்பதே மேல். இரண்டாவது, இரத்தத்தில் ஏறிய பிறகு அளப்பது என்பது நஞ்சு உள்ளே போன பிறகு அளப்பதுதான். அது புகை உறிஞ்சும் குழாய்க்கு மாற்று ஆகாது. எண்களைப் பிரிவு வாரியாக வைத்துப் பாருங்கள். அரைக்கும் பிரிவில் இருக்கும் எல்லோருக்கும் சேர்ந்தாற்போல் ஏறியிருந்தால், பழுது அந்தப் பிரிவின் இயந்திரத்தில் இருக்கிறது. தொழிலாளிக்குச் சுத்தம் போதாது என்று எழுதி அந்தக் கோப்பை மூடிவிடாதீர்கள்.

கேள்வி: நான் பொற்கொல்லன். இருபத்தைந்து ஆண்டுகளுக்கு மேல் பொடி வைத்து ஊதிப் பற்றவைத்தவன். அதில் பாதிக் காலம் கே.டி.எம். தான். இப்போது அதைத் தொடுவதில்லை. பழைய காட்மியம் உடம்பில் இன்னும் இருக்கிறதா என்று தெரிந்துகொள்ள முடியுமா? இரத்தம் கொடுப்பதா, சிறுநீர் கொடுப்பதா?
– வாசகர், கோயம்புத்தூர்

பதில்: நீங்கள் சிறுநீர் கொடுக்க வேண்டும். காரணத்தையும் சொல்கிறேன், ஏனென்றால் இந்தப் பக்கத்தில் நான் சொல்ல வந்ததில் பெரும்பகுதி உங்கள் கேள்விக்குள்ளேயே இருக்கிறது.

கே.டி.எம். என்று நகைக்கடைப் பலகைகளில் பெருமையாக எழுதி வைத்தார்கள். பற்றவைப்பில் சேர்க்கும் காட்மியத்தின் பெயரிலிருந்து வந்த சொல் அது. தங்கம் உருகுவதற்கு 1064 பாகை செல்சியஸ் வேண்டும். காட்மியமோ 767 பாகையிலேயே கொதித்து ஆவியாகிவிடும். ஊதுகுழலின் சுடர் பட்டவுடன் காட்மியம் ஆவியாகி நகையை விட்டு வெளியேறுவதால்தான், பற்றவைத்த பிறகும் தங்கத்தின் மாற்று குறையாமல் நின்றது. வெளியேறிய அந்த ஆவி, ஒரு முழத் தொலைவில் குனிந்திருந்த உங்கள் முகத்துக்குத்தான் வந்தது. வாங்குபவருக்குத் தரமான நகை கிடைத்தது. அதற்கான விலையை ஆசாரிகளின் நுரையீரலும் சிறுநீரகமும் கொடுத்தன. இதை எழுதும்போது எனக்கு வருத்தமாகத்தான் இருக்கிறது.

இரத்தத்தில் உள்ள காட்மியம் பெரும்பாலும் அண்மைய மாதங்களின் நிலவரத்தைச் சொல்லும். நுரையீரல் வழியாக உள்ளே போனது காலப்போக்கில் சிறுநீரகத்தில் சேர்ந்துவிடுகிறது. அங்கே பாதியாவதற்குப் பத்து முதல் முப்பது ஆண்டுகள் பிடிக்கும். சிறுநீரகத்தில் சேர்ந்திருப்பதிலிருந்து சிறிதளவு சிறுநீரில் இறங்கிக்கொண்டே இருப்பதால், சிறுநீர்க் காட்மியம் உங்கள் ஆயுட்காலக் கணக்கை ஓரளவு காட்டும். கூடவே பீட்டா–2 மைக்ரோகுளோபுலின் என்ற சிறு புரதத்தையும் அளக்கச் சொல்லுங்கள். சிறுநீரகத்தின் நுண்குழல்கள் நன்றாக இருந்தால் அந்தப் புரதத்தை வெளியே விடாமல் திரும்ப எடுத்துக்கொள்ளும். காட்மியத்தால் அவை கெட்டிருந்தால் அது சிறுநீரில் கூடும். அமெரிக்காவின் 1992ஆம் ஆண்டுக் காட்மிய விதி, இரத்தக் காட்மியம், சிறுநீர்க் காட்மியம், இந்தப் புரதம் ஆகிய மூன்றையும் சேர்த்தே பார்க்கச் சொல்கிறது. சிறுநீர்க் காட்மியம் ஒரு கிராம் கிரியேட்டினினுக்கு (தசைகளிலிருந்து வந்து சிறுநீரில் வெளியேறும் ஒரு கழிவுப்பொருள்) 3 மைக்ரோகிராமைத் தாண்டினால் அந்த விதியின்படி கண்காணிப்பு கூடுதலாகும்.

நீங்கள் பீடி, சிகரெட் பிடிப்பவராக இருந்தால் அதையும் மருத்துவரிடம் சொல்லுங்கள். புகையிலைச் செடி மண்ணிலிருந்து காட்மியத்தை இழுத்து இலையில் சேர்த்து வைக்கும். புகைப்பவரின் இரத்தத்தில் பட்டறைக்கே போகாதவராக இருந்தாலும் காட்மியம் கூடுதலாக இருக்கும்.

எண் கூடுதலாக வந்தால், காட்மியத்தை வெளியேற்றித் தருகிறேன் என்று சொல்பவர்களிடம் போகாதீர்கள். சிறுநீரகத்தில் படிந்துவிட்ட காட்மியத்தை எடுக்க நம்பத்தக்க மருந்து கிடையாது. செய்யக்கூடியது சிறுநீரகத்தைக் காப்பாற்றுவது: இரத்த அழுத்தம், சர்க்கரை இரண்டையும் கட்டுக்குள் வைத்திருங்கள், மூட்டு வலிக்கென்று கடையில் மாத்திரை வாங்கி விழுங்குவதை நிறுத்துங்கள், ஆண்டுக்கு ஒருமுறை சோதனை செய்துகொள்ளுங்கள்.

கேள்வி: குரோம் முலாம் பூசும் பிரிவில் வேலை செய்கிறேன். திங்கட்கிழமை காலை வேலைக்கு வந்தவுடன் எல்லோரிடமும் சிறுநீர் வாங்கினார்கள். போதிய டப்பா இல்லாததால் சிலர் தண்ணீர் பாட்டிலில் பிடித்துக் கொடுத்தார்கள். முலாம் தொட்டிக்குப் பக்கத்து மேசையில்தான் எல்லாவற்றையும் வைத்திருந்தார்கள். இதில் வரும் முடிவு சரியாக இருக்குமா?
– வாசகர், அம்பத்தூர்

பதில்: இருக்காது. நேரமும் தவறு, பாத்திரமும் தவறு, இடமும் தவறு.

குரோமியம் உடலில் சேர்ந்ததும் பெரும்பகுதி சில மணி நேரத்திலேயே சிறுநீரில் வெளியேறத் தொடங்கிவிடும். சனிக்கிழமை வேலை முடித்துப் போனவரிடம் திங்கட்கிழமை காலையில் மாதிரி வாங்கினால், அந்த வாரத்தின் குரோமியம் பெரும்பாலும் போய்விட்டிருக்கும். வாரத்தின் கடைசி வேலை நாளில் ஷிப்ட் முடிந்தவுடன் எடுப்பதே முறை. அப்படி எடுத்தாலும், சிறுநீர்க் குரோமியம் அது எந்த வகைக் குரோமியம் என்று சொல்லாது. உங்கள் தொட்டியில் இருப்பது ஆறிணைத்திறன் கொண்ட குரோமியம். புற்றுநோயையும் மூக்கின் நடுச்சுவரில் துளையையும் உண்டாக்கும் வகை. தோல் பதனிடுவதற்குப் பயன்படும் மூவிணைத்திறன் குரோமியம் அவ்வளவு கொடியதல்ல. ஆறிணைத்திறன் வகை மட்டுமே இரத்தச் சிவப்பணுவின் சுவரைக் கடந்து உள்ளே போய் ஒட்டிக்கொள்ளும். அந்த அணு வாழும் 120 நாளும் அங்கேயே இருக்கும். ஆகவே சிவப்பணுக்களைப் பிரித்தெடுத்து அளந்தால் கடந்த சில மாதங்களின் கணக்கு கிடைக்கும். அந்தச் சோதனை எல்லா இடத்திலும் செய்வதில்லை. ஆனால் மூக்கின் உட்புறத்தை விளக்கு வைத்துப் பார்க்க எந்த ஆய்வகமும் தேவையில்லை. உங்களில் யாருக்காவது மூக்கில் பொருக்குத் தட்டுவதும் இரத்தம் வருவதும் இருந்தால் சிறுநீர் முடிவுக்காகக் காத்திராமல் காது–மூக்கு–தொண்டை மருத்துவரிடம் போங்கள்.

இனி மாதிரி எடுக்கும் முறை. ஒரு லிட்டரில் சில மைக்ரோகிராம் தேடுகிற சோதனை இது. விரலில் ஒட்டிய ஒரு துகள் போதும், முழு முடிவையும் கெடுத்துவிட. எங்கள் முகாம் ஒன்றில் விரல் குத்தி எடுத்த மாதிரிகளில் எல்லோருக்கும் ஈயம் மிக அதிகமாக வந்தது. மறுநாள் குளித்து, உடை மாற்றி, வேறு கட்டடத்தில் உட்கார வைத்து நரம்பிலிருந்து எடுத்தபோது பலருக்குப் பாதியாக இறங்கியது. முதல் நாள் நாங்கள் அளந்ததில் பாதி, அவர்களுடைய தோலில் இருந்த ஈயம். வேலை உடையைக் களைந்து, கைகளைச் சோப்புப் போட்டுக் கழுவி, பட்டறைக்கு வெளியே சுத்தமான அறையில், அமிலத்தால் கழுவிய டப்பாவில் சிறுநீர் பிடிக்க வேண்டும். இரத்தத்துக்கு, உலோகச் சோதனைக்கென்றே வரும் கருநீல மூடிக் குழாய் இருக்கிறது. ஈயத்துக்கு முழு இரத்தம் வேண்டும். இரத்த ஈயத்தில் 99 விழுக்காடு சிவப்பணுக்களில் இருப்பதால், வழக்கம்போலச் சீரத்தை, அதாவது அணுக்கள் நீங்கிய தெளிநீரை, மட்டும் பிரித்து அனுப்பினால் ஏறக்குறைய ஒன்றும் இருக்காது. வெறுங்கையோடு திரும்பிய அந்த முடிவையும் ‘இயல்பு’ என்று எழுதிவிடுவார்கள்.

நம் ஊருக்கு முக்கியமான இன்னொன்றும் உண்டு. உலை முன் நின்று வேர்த்து விறுவிறுத்து, நாள் முழுவதும் ஒரு செம்புத் தண்ணீர்கூடக் குடிக்காதவரின் சிறுநீர் சுண்டிக் கெட்டியாகியிருக்கும். அதில் எந்த உலோகமும் கூடுதலாகவே தெரியும். மாறாக, சோதனைக்கென்று இரண்டு பாட்டில் தண்ணீரைக் குடித்துவிட்டு வந்தால் குறைவாகத் தெரியும். இதைச் சரிக்கட்டத்தான் கிரியேட்டினினையும் சேர்த்து அளந்து, அதன் ஒரு கிராமுக்கு இவ்வளவு உலோகம் என்று கணக்கிடுகிறார்கள். ஒரு லிட்டர் சிறுநீரில் கிரியேட்டினின் 0.3 கிராமுக்குக் கீழேயோ 3 கிராமுக்கு மேலேயோ இருந்தால் அந்த மாதிரியை ஏற்காமல் மறுபடி எடுக்க வேண்டும். சாப்பாடும் குழப்பும். தாமிரம் உருக்கும் இடங்களில் ஆர்செனிக்குக்காகச் சிறுநீர் பார்க்கும்போது, இரண்டு மூன்று நாளைக்கு மீனும் இறாலும் வேண்டாம் என்போம். கடல் மீனில் தீங்கற்ற ஒரு வகை ஆர்செனிக் உண்டு. முந்தின நாள் இரவு மீன் குழம்பு சாப்பிட்டவருக்கு எண் எங்கேயோ போய் நிற்கும்.

உங்கள் ஆலையில் எடுத்த மாதிரிகள் முழுவதையும் தள்ளிவிட்டு, வாரத்தின் கடைசி வேலை நாளில் மறுபடி எடுக்கச் சொல்லிக் கேளுங்கள்.

கேள்வி: தலைமுடியை அனுப்பினால் இருபது உலோகங்களை அளந்து தருவதாக இணையத்தில் விளம்பரம் வருகிறது. உடலிலுள்ள நஞ்சை இறக்க மருந்தும் தருகிறார்களாம். செய்துகொள்ளலாமா?
– வாசகர், மதுரை

பதில்: வேண்டாம். முடி மாதத்துக்கு ஏறத்தாழ ஒரு சென்டிமீட்டர் வளர்வதால், மீன் வழியாக வரும் மெத்தில் பாதரசத்துக்கு அது நல்ல சாட்சி. ஜப்பானில் மினமாட்டாவிலும் 1971–72இல் ஈராக்கிலும் மக்களுக்குப் பாதரச நஞ்சு ஏறியபோது அப்படித்தான் பயன்பட்டது. தொழிற்சாலைத் தூசிக்கு அது உதவாது. வெளியிலிருந்து படிந்ததையும் உள்ளிருந்து வந்ததையும் எத்தனை முறை கழுவினாலும் பிரிக்க முடியாது. முடிச்சாயமும் ஷாம்பும் வேறு.

இதைவிட மோசமான ஒன்றும் நடக்கிறது. உலோகத்தை இழுத்து வெளியேற்றும் மருந்தைக் கொடுத்துவிட்டு, அதன்பின் சிறுநீரை அளக்கிறார்கள். அந்த மருந்து யாருக்குக் கொடுத்தாலும் உலோகம் கூடுதலாக இறங்கும். அந்த எண்ணை, மருந்து சாப்பிடாதவர்களுக்கான வரம்போடு ஒப்பிட்டு ‘நஞ்சு ஏறியிருக்கிறது’ என்று எழுதினால் ஊரில் எல்லோரும் நோயாளிகள்தான்.

கேள்வி: என் தந்தை கொடைக்கானலில் இருந்த வெப்பமானி ஆலையில் வேலை செய்தவர். இப்போது கை நடுங்குகிறது, மறதியும் இருக்கிறது. இரத்தமும் சிறுநீரும் சோதித்ததில் பாதரசம் இல்லை என்று வந்தது. அப்படியென்றால் அவருக்குப் பாதரசப் பாதிப்பே இல்லை என்று ஆகிவிடுமா?
– வாசகர், திண்டுக்கல் மாவட்டம்

பதில்: ஆகாது. இதை நீங்கள் யாரிடமும் உறுதியாகச் சொல்லலாம்.

பாதரசம் சாதாரண அறை வெப்பத்திலேயே ஆவியாகும். மூச்சில் போகும் ஆவியில் நூற்றுக்கு எண்பது பங்கு உடலில் தங்கிவிடும். அது வேலை செய்யும் நாட்களில் சிறுநீரில் நன்றாகத் தெரியும். ஆனால் வேலை நின்ற பிறகு, சுமார் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை சிறுநீர்ப் பாதரசம் பாதியாகும். ஓராண்டில் ஆறு முறை பாதியானால் அறுபத்து நான்கில் ஒரு பங்கு. ஆலை மூடப்பட்டது 2001இல். இத்தனை ஆண்டுகளுக்குப் பிறகு சிறுநீரில் தேடினால் அன்றைய பாதரசம் எப்படிக் கிடைக்கும்? ஈயத்தை எலும்பும் காட்மியத்தைச் சிறுநீரகமும் பிடித்து வைத்துக்கொள்வதுபோல், பாதரச ஆவிக்குப் பின்னாளில் நாம் எடுத்துப் பார்க்கக்கூடிய சேமிப்பு எதுவும் இரத்தத்திலோ சிறுநீரிலோ இல்லை. போனது பாதரசம், அது செய்த கேடு போகாமல் இருக்கலாம்.

அதற்காக நடுக்கமெல்லாம் பாதரசத்தால்தான் என்றும் நான் எழுத முடியாது. வயதாலும் தைராய்டாலும் பார்க்கின்சன் நோயாலும் கை நடுங்கும். அவற்றுக்கு மருத்துவம் உண்டு என்பதால் முதலில் நரம்பியல் மருத்துவரிடம் அவற்றைப் பார்த்துவிடுங்கள். சிறுநீரகத்தையும் சோதியுங்கள். பிறகு ஆவணங்களைச் சேருங்கள்: எந்த ஆண்டிலிருந்து எந்த ஆண்டு வரை, எந்தப் பிரிவில், கண்ணாடிக் குழாயில் பாதரசம் நிரப்பும் இடத்திலா, உடைந்ததைக் கூட்டி அள்ளும் இடத்திலா, அந்த நாட்களில் எடுத்த சிறுநீர் முடிவு ஏதேனும் கையில் உண்டா, உடன் வேலை செய்தவர்கள் எப்படி இருக்கிறார்கள். 1910ஆம் ஆண்டில் அமெரிக்காவின் இலினாய் மாநிலத்தில் ஈய நோயைத் தேடிய ஆலிஸ் ஹாமில்டன் என்ற மருத்துவரிடம் இன்றைய இரத்தச் சோதனைகள் எதுவும் இல்லை. மருத்துவமனைப் பதிவேடுகளைப் புரட்டியும், தொழிலாளர்களின் வீடு வீடாகப் போய்க் கேட்டும்தான் அவர் நோயை நிரூபித்தார். உங்கள் தந்தைக்கு இன்று செய்ய வேண்டியதும் அதுவே. கொடைக்கானல் ஆலையின் முன்னாள் தொழிலாளர்கள் 591 பேருக்கு 2016இல் நிறுவனத்தோடு ஏற்பட்ட உடன்பாடும், பல ஆண்டுகள் விடாமல் தங்கள் வேலைக் கதையைச் சொல்லிக்கொண்டிருந்தவர்களால் வந்ததுதான்.

கேள்வி: ஆண்டுதோறும் இரத்தம் எடுக்கிறார்கள், முடிவை மட்டும் காட்டுவதில்லை. கேட்டால், ‘உனக்கு ஒன்றுமில்லை, போ’ என்கிறார்கள். அழுத்திக் கேட்டால் அளவு அதிகம் என்று சொல்லி வேலையை விட்டு நிறுத்திவிடுவார்களோ என்ற பயமும் இருக்கிறது. என்ன செய்வது?
– வாசகர், ராணிப்பேட்டை

பதில்: உங்கள் உடம்பிலிருந்து எடுத்த இரத்தம், அதன் எண் உங்களுடையது. இது என் கருத்து மட்டுமல்ல. போபால் பேரழிவுக்குப் பிறகு, 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டத்தில் 1987இல் சேர்த்த 41–சி பிரிவு, நச்சுப் பொருட்களுக்கு ஆளாகும் தொழிலாளர்களின் மருத்துவப் பதிவேடுகளை ஆலை உரிமையாளர் ஒழுங்காகப் பராமரிக்க வேண்டும் என்றும், அவை தொழிலாளர்கள் பார்க்கக்கூடியதாக இருக்க வேண்டும் என்றும் சொல்லிற்று. ஈய நஞ்சு, பாதரச நஞ்சு, ஆர்செனிக் நஞ்சு, மாங்கனீசு நஞ்சு, குரோமியப் புண் எல்லாம் அச்சட்டத்தின் மூன்றாம் பட்டியலில், கண்டால் அரசுக்குத் தெரிவிக்க வேண்டிய நோய்களாக இருந்தன. 2020ஆம் ஆண்டின் தொழில்சார் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பும் அப்படியொரு பட்டியலை வைத்திருக்கிறது. அந்நோயைக் காணும் மருத்துவர் தெரிவிக்காமல் இருப்பது குற்றம்.

பயம் நியாயமானது, அதை நான் லேசாக எண்ணவில்லை. எண் உயர்ந்தால் வேலை போகும் என்றால், எந்தத் தொழிலாளியும் மனமுவந்து கையை நீட்டமாட்டார். அமெரிக்க விதியை எழுதியவர்கள் இதை அறிந்திருந்ததால், ஈயம் கூடியதற்காக விலக்கப்படுபவரின் ஊதியத்தையும் பணி மூப்பையும் 18 மாதம் வரை காப்பாற்றியாக வேண்டும் என்று அதே விதியில் சேர்த்தார்கள். நம் ஊர்ச் சங்கங்கள் பேச்சுவார்த்தைக்குப் போகும்போது போனஸுக்கு அடுத்தபடியாக இதைக் கேட்க வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம். ஈ.எஸ்.ஐ. காப்பீடு இருப்பவருக்குத் தொழில்சார் நோய் என்று உறுதியானால், அது வேலையில் பட்ட காயத்துக்கு இணையாகக் கொள்ளப்படும். அந்த உரிமையைக் கேட்கவும் கையில் எண் வேண்டும்.

தனி ஆளாகப் போய்க் கேட்காதீர்கள். உங்கள் பிரிவில் உள்ள எல்லோருமாகக் கையெழுத்திட்டு, எல்லோருடைய முடிவையும் எழுத்தில் கேளுங்கள். நகல் ஒன்றை மாவட்டத்திலுள்ள தொழிலகப் பாதுகாப்பு மற்றும் சுகாதார இயக்கக அலுவலகத்துக்குப் பதிவுத் தபாலில் அனுப்புங்கள். முடிவு வந்ததும் ஒரு நாற்பது பக்க நோட்டில், இரத்தம் எடுத்த தேதி, நரம்பிலா விரலிலா, குளித்த பிறகா குளிக்காமலா, அந்த மாதம் செய்த வேலை, எண், அலகு ஆகியவற்றை ஆளுக்கொரு பக்கமாக எழுதி வையுங்கள். அடுத்த ஆண்டு அதே பக்கத்தில் அதற்குக் கீழே அடுத்த எண் வரும்போது, உலைக்கு மேலே புகைக்கூண்டு வைத்ததால் இறங்கியதா, வைக்காததால் ஏறியதா என்பதை நீங்களே படித்துக்கொள்ளலாம். நோட்டை வேலை செய்யும் இடத்தில் வைக்காமல் வீட்டில் வையுங்கள்.